பாலாவும் மாணி சாரும்: அரை நூற்றாண்டு எம்.எல்.ஏ. ஒருவரின் கணக்கு

2019 செப்டம்பர் 23 அன்று கேரளத்தின் பாலா சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிக்குப் போன முதியவர்களில் பலரும் இயந்திரத்தில் பழக்கதோஷத்தில் இரட்டை இலையைத் தேடியிருப்பார்கள். அது அங்கே இல்லை. கேரளா காங்கிரஸ் (எம்) வேட்பாளருக்கு நேராக அன்னாசிப்பழம் இருந்தது.

தமிழ்நாட்டில் இரட்டை இலை என்றால் எம்.ஜி.ஆர். மலைக்கு அந்தப் பக்கம், கோட்டயம் மாவட்டத்தில் இரட்டை இலை என்றால் கே.எம். மாணி. மாநிலக் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் தரும் சின்னம் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும் என்பதால், ஒரே சின்னம் இரண்டு மாநிலங்களில் இரண்டு கட்சிகளிடம் இருக்கிறது. அந்தச் சின்னத்தோடு பிணைந்த மனிதர் ஐந்து மாதங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார். அவருடைய மகனும் கட்சியின் மூத்த தலைவரும் மோதிக்கொண்டதில் சின்னம் வேட்பாளருக்குக் கிடைக்காமல் போயிற்று. அன்னாசி 2,943 வாக்குகளில் தோற்றது. 1965 முதல் மாணியைத் தவிர வேறு யாரையும் தேர்ந்தெடுத்திராத தொகுதி, அன்றுதான் முதன்முறையாக வேறொருவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.

அந்த வேறொருவரின் பெயரும் மாணிதான். தேசியவாத காங்கிரஸ் கட்சியின் மாணி சி. காப்பன், மூத்த மாணியிடம் 2006, 2011, 2016 என மூன்று முறை தொடர்ந்து தோற்றவர்.

மாணியின் வாழ்க்கையை ஓர் அரசியல் தலைவரின் கதையாகச் சொன்னால் அது அத்தனை சுவாரஸ்யமாக இராது. அவர் முதலமைச்சராகவில்லை. பெரிய கட்சி எதையும் நடத்தவில்லை. மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் என்றும் பெயரெடுக்கவில்லை. ஆனால் எம்.எல்.ஏ. என்ற பதவி தன்னளவில் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால், இந்தியாவில் அவரைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். பதின்மூன்று தேர்தல்கள், எல்லாம் ஒரே தொகுதி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. கேரள நிதியமைச்சராகப் பதின்மூன்று பட்ஜெட்டுகள் தாக்கல் செய்தார். இன்றுவரை அது அந்த மாநிலத்தின் சாதனை.

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். மீனச்சிலாற்றின் கரையில் இருக்கும் பாலா, சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த சிறு நகரம். பெரிய ஜமீன்களும் இல்லை, பெரிய ஆலைகளும் இல்லை. இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று ரப்பர் வைத்திருக்கும் விவசாயிகள்தான் இங்கே சமூகத்தின் நடுத்தட்டு. இந்த ஊர்களிலிருந்து பல குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடுக்கி மலைகளுக்கும் வடக்கே மலபாருக்கும் காடு திருத்திப் பயிரிடப் போயின. பாலாவில் ஒருவருக்குப் பிரச்சினை என்றால், மலபாரில் இருக்கும் மைத்துனன்வரை அது போய்ச் சேரும்.

இதே ஊரில் 1927-இல் தொடங்கப்பட்டது பாலை சென்ட்ரல் வங்கி. 1960 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி நீதிமன்றத்தை நாடி அதை மூட வைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. இந்தியா முழுவதும் வங்கி வைப்புக்கு இன்றும் இருக்கும் காப்பீடு 1962-இல் நடைமுறைக்கு வந்ததற்கு இந்த வீழ்ச்சி முக்கியமான காரணம். அப்போது காப்பீட்டின் உச்சவரம்பு 1,500 ரூபாய். நாடு ஒரு பாடம் கற்றுக்கொண்டது. பாலாக்காரர்களோ டெல்லி நம் வங்கியைக் கொன்றுவிட்டது என்றுதான் பேசினார்கள். அந்த மனக்குறை பிறகு வந்த அரசியலுக்கு நல்ல உரமாயிற்று என்பது என் எண்ணம்.

மாணி 1933 ஜனவரி 30 அன்று பாலாவுக்குப் பக்கத்தில் மரங்காட்டுப்பிள்ளியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து வழக்கறிஞரானார். காங்கிரஸில் சேர்ந்து கோட்டயம் மாவட்டச் செயலாளர் வரை வந்தார். அதுவரை அவர் நூற்றுக்கணக்கான உள்ளூர் காங்கிரஸ்காரர்களில் ஒருவர்தான். 1964 அதை மாற்றியது.

அந்த ஆண்டு கேரளத்தில் காங்கிரஸ் உடைந்தது. காங்கிரஸ் முதலமைச்சர் ஆர். சங்கரின் அமைச்சரவையில் உள்துறையை வைத்திருந்த பி.டி. சாக்கோ, ஆண்டின் தொடக்கத்தில் பதவி விலக நேர்ந்தது. சில மாதங்களில் மாரடைப்பில் இறந்தார். தங்கள் தலைவரை அவமானப்படுத்தியே கொன்றுவிட்டார்கள் என்ற கோபத்தில், அவருடைய ஆதரவாளர்களான 15 காங்கிரஸ் உறுப்பினர்கள் செப்டம்பரில் தங்கள் அரசையே கவிழ்த்தார்கள். அக்டோபரில் கோட்டயம் திருநக்கரை மைதானத்தில் 'கேரளா காங்கிரஸ்' பிறந்தது. நாயர் சர்வீஸ் சொசைட்டியை நிறுவிய மன்னத்து பத்மநாபன் பெயர் சூட்டிவைத்தார். மத்திய திருவிதாங்கூரின் கிறிஸ்தவ விவசாயிகளும் நாயர் குடும்பங்களும் சேர்ந்த கூட்டணி அது. மாணி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். 1965 மார்ச் தேர்தலில் பாலாவில் நின்று வென்றார்.

வென்றும் எம்.எல்.ஏ. ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை. 133 இடங்களில் மார்க்சிஸ்டுகள் 40 பெற்று முதலில் வந்தார்கள். யாராலும் ஆட்சி அமைக்க முடியாததால், சட்டமன்றம் ஒரு நாள்கூடக் கூடாமல் கலைக்கப்பட்டது. பதவிப் பிரமாணம் இல்லை, இருக்கை இல்லை, சம்பளம் இல்லை. பதின்மூன்று வெற்றிகளில் முதலாவது இப்படிக் காகிதத்தோடு நின்றது. உண்மையில் சபைக்குள் நுழைந்தது 1967-இல். 1970-இல் காங்கிரஸின் எம்.எம். ஜேக்கப்பிடம் மயிரிழையில் தப்பினார். வித்தியாசம் 364 வாக்குகள். பின்னாளில் பாலா மாணியின் கோட்டை என்று எழுதியவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுகிறார்கள். கோட்டையெல்லாம் பிறகு கட்டியது.

எப்படிக் கட்டினார் என்பதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று திருவனந்தபுரத்தின் எண்ணிக்கையில் இருக்கிறது, மற்றொன்று ரப்பர் தோட்டத்தில்.

கேரளத்தில் இரண்டு முன்னணிகள், இன்றைய கணக்கில் 140 இடங்கள். பல தேர்தல்களில் இரு முன்னணிகளுக்கும் இடையில் சில இடங்கள்தான் வித்தியாசம். 2011-ஐ எடுத்துக்கொள்வோம்: காங்கிரஸ் தலைமையிலான முன்னணிக்கு 72, இடதுசாரிகளுக்கு 68. இந்த 72-இல் மாணியின் கட்சிக்கு 9. ஒன்பது பேர் எழுந்து எதிர்வரிசைக்குப் போனால் ஆட்சி அன்றே போயிற்று. எட்டு, பத்து இடங்களுக்கு மேல் ஆசைப்படாமல், அந்த எட்டையும் பத்தையும் கைநழுவ விடாமல் வைத்துக்கொள்வதுதான் மாணியின் அரசியல். அச்சுத மேனன், கருணாகரன், அந்தோணி, வாசுதேவன் நாயர், நாயனார், உம்மன் சாண்டி என்று கம்யூனிஸ்ட், மார்க்சிஸ்ட், காங்கிரஸ் முதல்வர்கள் எல்லோர் அமைச்சரவையிலும் அவர் இருந்தார். நிதி, உள்துறை, வருவாய், சட்டம் என்று துறைகள் மாறின. இருபது ஆண்டுகளுக்கு மேல் அமைச்சர்.

ஆனால் அந்த எட்டையும் பத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது எளிதாக இல்லை. கேரளா காங்கிரஸ் என்பது மேலிருந்து கட்டப்பட்ட கட்சி அல்ல. தொகுதிதோறும் சொந்தச் செல்வாக்கு வைத்திருந்த மனிதர்கள் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் சேர்ந்து நின்ற இடம் அது. தொடுபுழாவில் பி.ஜே. ஜோசப், கொட்டாரக்கரையில் பாலகிருஷ்ண பிள்ளை, பிறவத்தில் டி.எம். ஜேக்கப், பூஞ்ஞாரில் பி.சி. ஜார்ஜ், பாலாவில் மாணி. இவர்களுக்குள் கொள்கை வேறுபாடு என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. அமைச்சர் நாற்காலிகள் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும், ஆசைப்படுபவர்கள் ஐந்தாறு பேர். அவ்வளவுதான் விஷயம்.

1977-ஐ ஒட்டி நடந்தது இதற்கு நல்ல மாதிரி. உள்துறை அமைச்சராக இருந்த மாணியின் தேர்தல் வெற்றியை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் விலகி, அந்த நாற்காலியை 1978 ஜனவரியில் இளைய ஜோசப்பிடம் கொடுத்தார். உச்சநீதிமன்றம் வெற்றியை மீட்டுக் கொடுத்ததும், செப்டம்பரில் ஜோசப் மரியாதையாக எழுந்து இடம் விட்டார். அமைச்சர் பதவியைத் திருப்பிக் கொடுத்த அந்த அரிய காட்சிக்குப் பிறகு, கட்சித் தலைவர் பதவி யாருக்கு என்ற கேள்வி வந்தது. 1979-இல் மாணி தனியாகப் பிரிந்தார். அடைப்புக்குறிக்குள் 'எம்' சேர்ந்தது அப்போதுதான். பிறகு 1985-இல் இருவரும் சேர்ந்தார்கள், 1987-இல் பிரிந்தார்கள், 2010-இல் மறுபடி சேர்ந்தார்கள். இடையில் ஜேக்கப் போனார், பி.சி. தாமஸ் போனார். முழுப் பட்டியலையும் இங்கே போட்டால் படிப்பவருக்குத் தலை சுற்றும், கோட்டயத்துக்காரர்களுக்கே சுற்றுகிறது. வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் என்று தன் கட்சியைப் பற்றி மாணியே சொன்ன வாக்கியம் மலையாளத்தில் பழமொழி போலாகிவிட்டது. கேலிக்கு இடம் கொடுக்காமல், கேலியைத் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடும் சாமர்த்தியம் அது.

இந்த வித்தை எதிர்ப்பக்கம் பாய்ந்ததும் உண்டு. 1980-இல் நாயனாரின் இடதுசாரி அரசில் நிதியமைச்சராக இருந்த மாணி, அடுத்த ஆண்டு அந்தோணியின் காங்கிரஸ் வெளியேறியபோது தானும் வெளியேறினார். அரசு விழுந்தது. டிசம்பர் கடைசியில் கருணாகரன் அமைத்த அரசு சரிபாதி எண்ணிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் சபாநாயகரின் தீர்மான வாக்குதான் காப்பாற்றியது. அதையும் 1982 மார்ச்சில் ஒரே உறுப்பினர் ஆதரவை விலக்கிக் கவிழ்த்தார். லோனப்பன் நம்பாடன் என்ற அந்த உறுப்பினர் மாணியின் கட்சிக்காரர்.

இனி ரப்பர் தோட்டம். குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் மரத்தில் பட்டையைச் சீவிப் பால் எடுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூடத்தில் காயவைத்தால் அதுதான் ஷீட். வீட்டுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கும் அந்த ஷீட்டுகள்தான் சிறு விவசாயியின் சேமிப்புக் கணக்கு. மகள் திருமணம், மகனின் நர்சிங் படிப்பு எல்லாம் அதில்தான். விலையோ சந்தையின் கையில் இருக்கிறது. 2011-இல் கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டிப் போன விலை, 2014 முடிவதற்குள் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் மரத்தைத் தொடாமல் விட்டார்கள்.

2015 பட்ஜெட்டில் மாணி கொண்டுவந்த திட்டத்தின் இயக்கம் எளிமையானது. கிலோவுக்கு 150 ரூபாய் என்று ஒரு விலை. விவசாயி தன் ஷீட்டை வழக்கம்போல் வியாபாரியிடம் விற்கிறார். அந்த ரசீதை ரப்பர் உற்பத்தியாளர் சங்கத்தில் கொடுத்துப் பதிவு செய்கிறார். அன்றைய தினத்துக்கு ரப்பர் வாரியம் அறிவித்த விலை 120 என்றால், மீதி 30 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கில் விழும். இதற்காக ஒதுக்கிய தொகை 300 கோடி. அரசு ஒரு கிலோ ரப்பரைக்கூடக் கொள்முதல் செய்யத் தேவையில்லை, கிடங்கு வேண்டாம், லாரி வேண்டாம். பணம் வரத் தாமதமாகிறது என்ற புலம்பல் பிறகு நிறையக் கேட்டது. ஆனாலும் மாநில கஜானாவையும் தன் தொகுதியின் கொல்லைப்புறக் கயிற்றையும் நேராக இணைக்கும் இந்தக் கணக்கு, ஐம்பது ஆண்டு எம்.எல்.ஏ. ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது.

இதற்கு அவர் ஒரு தத்துவமும் வைத்திருந்தார். மார்க்சியத்தின் பாட்டாளியில் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இடம் இல்லை. அவரும் முதுகெலும்பு ஒடிய உழைப்பவர்தானே என்று கேட்டு, விவசாயி, கூலித் தொழிலாளி, சிறு வியாபாரி எல்லோரையும் சேர்த்து 'அத்வான வர்க்கம்', அதாவது உழைப்பாளி வர்க்கம், என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். அறிஞர்கள் சிரித்தார்கள். பாலாவில் யாரும் சிரிக்கவில்லை. 1980-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் ஓய்வூதியம் வந்தது இடதுசாரி ஆட்சியில்; பெட்டியிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்த நிதியமைச்சர் மாணி. அதன் பெருமைக்கு இருதரப்பும் இன்றும் உரிமை கொண்டாடுகின்றன. 2011 தேர்தலுக்குப் பிறகு கொண்டுவந்த காருண்யா லாட்டரி இன்னொன்று. புற்றுநோய், இதயம், சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைச் செலவுக்கு லாட்டரி வருமானத்தைத் திருப்பிவிட்ட திட்டம். ஏழையின் சூதாட்ட ஆசையிலிருந்து ஏழையின் மருத்துவச் செலவை எடுப்பது சரியா என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவர்கள் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

மற்றதெல்லாம் எந்த ஊர் எம்.எல்.ஏ.வும் செய்ய வேண்டிய வேலைதான்: கல்யாணத்துக்குப் போவது, துக்கத்துக்குப் போவது, சாலை போடுவது. அவர் அதை அரை நூற்றாண்டு விடாமல் செய்தார். எதிர்க்கட்சிக்காரர்களும் அவரை 'மாணி சார்' என்றுதான் சொன்னார்கள்.

பிறகு பார் விவகாரம் வந்தது. 2014-இல் உம்மன் சாண்டி அரசு, தரம் குறைந்தவை என்று 418 மதுக்கூடங்களின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. அவற்றைத் திறக்க நிதியமைச்சர் மாணிக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தோம் என்று பார் உரிமையாளர் ஒருவர் அந்த ஆண்டின் இறுதியில் குற்றம் சாட்டினார். மாணி மறுத்தார். லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்தது. நிதியமைச்சர் விலகாமல் பட்ஜெட் படிக்க விடமாட்டோம் என்று எதிர்க்கட்சி அறிவித்தது.

பட்ஜெட் நாள் 2015 மார்ச் 13. வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி, அவருக்குப் பதின்மூன்றாவது பட்ஜெட். கிறிஸ்தவ வீடுகளில் இப்படியொரு நாளைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. முந்தின இரவே இருதரப்பு உறுப்பினர்களும் வீட்டுக்குப் போகாமல் சட்டமன்றத்துக்குள் தங்கிவிட்டார்கள். காலையில் இடதுசாரி உறுப்பினர்கள் சபாநாயகரின் மேடையில் ஏறினார்கள். நாற்காலி தூக்கி எறியப்பட்டது, கணினியும் மைக்கும் உடைந்தன. முதல் நாள்தான் பதவிக்கு வந்திருந்த சபாநாயகர் சக்தன் தன் இருக்கைக்கே போக முடியவில்லை. காவலர்களும் ஆளுங்கட்சி உறுப்பினர்களும் வளையம் கட்டி நிற்க, எண்பத்திரண்டு வயது மாணி உள்ளே வந்தார். சபாநாயகர் சைகை காட்டினார். வழக்கமாக மணிக்கணக்கில் படிக்கும் உரையில் சில வரிகளை வேகமாகப் படித்துவிட்டு, மீதியைச் சபையின் மேசைமேல் வைத்ததாகச் சொல்லி முடித்தார். ஆளுங்கட்சி வரிசையில் லட்டு கைமாறியது. கிலோ 150 ரூபாய் ரப்பர் திட்டம் பிறந்தது இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான்.

அந்த ஆண்டு நவம்பரில், சீசரின் மனைவி சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவளாக இருக்க வேண்டும் என்ற பழைய வாக்கை நினைவூட்டி உயர்நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மறுநாள், நவம்பர் 10, மாணி பதவி விலகினார். ஆதாரம் இல்லை என்று லஞ்ச ஒழிப்புத் துறை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிக்கை கொடுத்தது, அதை எதிர்த்து மனுக்கள் வந்தன. வழக்கு எந்தத் தீர்ப்பையும் எட்டுவதற்குள் அவர் காலமாகிவிட்டார். குற்றவாளி என்றும் நிரபராதி என்றும் நீதிமன்றம் சொல்லவில்லை. 2016-இல் பாலா மட்டும் தன் முடிவைச் சொன்னது: 4,703 வாக்கு வித்தியாசத்தில் வெற்றி.

அதன்பின் கசப்பு. காங்கிரஸ்காரர்களே தன்னைச் சிக்கவைத்தார்கள் என்று நம்பியவர், அந்த ஆகஸ்டில் முன்னணியை விட்டு விலகிச் சபையில் தனி வரிசையில் உட்கார்ந்தார். 2018-இல் மகன் ஜோஸ் கே. மாணிக்கு மாநிலங்களவை இடம் என்ற ஏற்பாட்டில் திரும்பி வந்தார். கட்சியில் மகனை முன்னிறுத்தியதுதான் அவருடைய கடைசிக் காலத்தின் பெரிய பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்தத் தொகுதி உள்ளவர்களின் கூட்டமைப்பை வாரிசு ஒருவர் கையில் கொடுத்தால் அது நிற்காது.

2019 ஏப்ரல் 9 அன்று கொச்சி மருத்துவமனை ஒன்றில் இறந்தார். மறுநாள் கிளம்பிய இறுதி ஊர்வலம் வழிநெடுகக் கூட்டத்தில் நீந்தி, அடுத்த நாள் காலையில்தான் பாலா போய்ச் சேர்ந்தது. சாதாரண நாளில் அது இரண்டு மணி நேரப் பயணம்.

மகனும் ஜோசப்பும் உடனே தலைமைக்கு மோதினார்கள். அன்னாசிப்பழம் அந்த மோதலின் விளைவு. 2020-இல் இரட்டை இலை ஜோஸுக்குத் திரும்பியது. அவர் கட்சியோடு இடதுசாரி முன்னணிக்கே போய்ச் சேர்ந்தார். அதே முன்னணியின் சார்பில் பாலாவை வென்றிருந்த காப்பன், தொகுதி ஜோஸுக்குப் போகும் என்றானதும் காங்கிரஸ் பக்கம் தாவினார். 2021 தேர்தலில் பாலாவில் இரட்டை இலையில் நின்ற மாணியின் மகன், அப்பாவிடம் மூன்று முறை தோற்றவரிடம் 15,378 வாக்குகளில் தோற்றார்.

அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றத்தில், 2015 மார்ச் 13 சட்டமன்றக் கலவர வழக்கைத் திரும்பப் பெற அனுமதி கேட்டுக் கேரளத்தின் இடதுசாரி அரசு வாதாடியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான சிவன்குட்டி அப்போது கல்வி அமைச்சர். உறுப்பினர்கள் ஊழல் குற்றச்சாட்டுக்கு ஆளான நிதியமைச்சரை எதிர்த்துத்தான் போராடினார்கள் என்று அரசின் வழக்கறிஞர் விளக்கினார். அந்த அரசில் இரட்டை இலைக்கும் ஓர் அமைச்சர் இருந்தார். கோட்டயத்திலிருந்து முணுமுணுப்புக் கிளம்பியதும் வாதம் மாறியது: போராட்டம் தனி மனிதரை எதிர்த்து அல்ல, அன்றைய அரசை எதிர்த்து. ஜூலை 28 அன்று நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.